பட்டுவின் பாஸ்போர்ட் படம்

"ரியானா! இங்கே பாரு, ரியானா!"

சங்கரபாண்டி கிலுகிலுப்பையைக் கேமராவுக்கு மேலே தூக்கி ஆட்டினார். ஏழு மாதக் குழந்தை அவரைப் பார்க்கவில்லை. தன் முதுகுக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தது.

துணிக்குள் அதன் அம்மா இருந்தாள். பாஸ்போர்ட் படத்தில் குழந்தை மட்டும்தான் தெரிய வேண்டும். பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும். பிடித்திருக்கும் கைகூடப் படத்தில் வரக் கூடாது. அதனால் தாயை ஸ்டூலில் உட்கார வைத்து, தலையோடு சேர்த்து வெள்ளை விரிப்பால் மூடி, மடியில் குழந்தையை வைத்திருந்தார்கள். துணிக்கு அடியிலிருந்து அவள் குழந்தையின் இடுப்பைப் பிடித்திருந்தாள்.

"ரியானா! காக்கா பாரு, கா... கா..."

"சார்," என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல். "ரியானான்னா அவளுக்குத் தெரியாது சார். வீட்டுல பட்டுன்னுதான் கூப்பிடுவோம்."

அந்தக் குரல் கேட்டதும் குழந்தை முழுதாகத் திரும்பியது. துணியில் முகத்தை வைத்துத் தேய்த்தது.

"நீங்க பேசாதீங்கம்மா. பேசினா உங்க பக்கம் திரும்புது."

"சரி சார்."

"இப்பவும் பேசுறீங்க."

துணி பேசாமல் இருந்தது.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஜெசிந்தா வேறொரு குடும்பப் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோ அவளுடையது. தூத்துக்குடியில் குழந்தைகளைப் படமெடுக்க அவளிடம்தான் போவார்கள். சங்கரபாண்டி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்தவர். பத்திரிகையின் இந்த ஊர்ப் பதிப்பை மூடிவிட்ட பிறகு அவளிடம் தொழில் பழக வந்திருந்தார். முதல் நாள் கேலியாக மாஸ்டர் என்று கூப்பிட்டார். பிறகு அது கேலியாக இல்லை.

"மாஸ்டர், மந்திரிங்களையே நேரா பார்க்க வச்சவன் நான்."

"மந்திரிங்களுக்குக் கேமரா வேணும்லா, அண்ணே."

"குழந்தையை எப்படித்தான் கேமராவைப் பார்க்க வைக்கிறது? வந்த நாள்லருந்து கேட்கிறேன். சொல்ல மாட்டேங்குறீங்க."

ஜெசிந்தா துணியைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருகூடப் போகுது பாப்பா?"

"எங்க அக்காகூட. கனடாவுக்கு."

"நீங்க?"

"நான் போகல. அக்காவுக்குப் பிள்ளை இல்ல. அவளுக்கே எழுதிக் கொடுத்தாச்சு. கோர்ட் வேலையெல்லாம் முடிஞ்சிருச்சு. ரியானா அக்கா வச்ச பேரு."

"கனடாவா!" என்றார் சங்கரபாண்டி. "நல்ல இடமாச்சே. ஸ்வெட்டர் மட்டும் நிறைய வாங்கணும்."

துணிக்குள் தலை கவிழ்ந்தது.

அவர் குனிந்து கேமராவில் கண்ணை வைத்தார். கிலுகிலுப்பையை விட்டுவிட்டு விரலைச் சொடுக்கினார். குழந்தை நொடிப்பொழுது முன்னால் பார்த்தது. எடுத்தார். எடுத்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கை ஆடுதும்மா. பாப்பாவும் சேர்ந்து ஆடுது. இவ்வளவு நேரம் நல்லாத்தானே பிடிச்சிருந்தீங்க?"

இன்னொரு முறை எடுத்தார். அதுவும் அசைந்திருந்தது.

ஜெசிந்தா எழுந்து வந்தாள்.

"அண்ணே, நீங்க உள்ள போங்க."

"எதுக்குள்ள?"

"துணிக்குள்ள."

"நானா? மீசை வச்ச ஆளு மாஸ்டர் நான். பிள்ளை பயந்துரும்."

"மீசையும் உள்ளதான இருக்கப் போகுது."

துணியை விலக்கினாள். அந்தப் பெண், குழந்தையை நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி முடியை ஒதுக்கிக்கொண்டாள். சற்று நேரம் ஒதுக்கினாள். சங்கரபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து குழந்தையை வாங்கினார். அது அவரை அண்ணாந்து பார்த்தது. உதடு கோணுவதற்குள் ஜெசிந்தா விரிப்பை அவர் தலைமேல் போட்டுவிட்டாள்.

உள்ளே எங்கும் ஒரே வெள்ளை வெளிச்சம். எதுவும் தெரியவில்லை. துணி அவர் கன்னத்தில் ஒட்டியது. ஒட்டிய இடம் ஈரமாக இருந்தது. குழந்தையின் எச்சில் என்று நினைத்தார். எச்சில் வெளிப்பக்கத்தில், மார்புக்கு நேராக அல்லவா இருக்க வேண்டும்? இது முகத்துக்கு நேராக இருந்தது. தலையை அந்தப் பக்கம் நகர்த்தினார். அங்கேயும் ஈரம்.

அவர் தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். குழந்தையின் இடுப்பைச் சரியாகப் பிடித்தார்.

வெளியே ஜெசிந்தா பேசுவது கேட்டது.

"இங்க வாங்க. கேமராவுக்குப் பின்னாடி நில்லுங்க. இன்னும் கிட்ட. தாடை கேமராவுக்கு மேல வரட்டும். இப்பக் கூப்பிடுங்க."

"எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட?"

"எப்பவும் கூப்பிடுற பேரு."

குழந்தை உதைத்துக்கொண்டிருந்தது. அழுவதற்காக மூச்சை இழுப்பது அவருக்குக் கையில் தெரிந்தது.

"பட்டு," என்றாள் அந்தப் பெண்.

கால்கள் நின்றன. அவர் கையிலிருந்த சின்ன முதுகு நிமிர்ந்தது. உடம்பின் கனம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. அவர் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"பட்டு. பட்டும்மா."

கேமராவின் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது.

"கிடைச்சிருச்சா மாஸ்டர்?"

"உள்ள இருக்கிறவங்க பேசக் கூடாது."

அதன் பிறகு கேமராவின் சத்தம் வரவில்லை. "பட்டு" என்ற குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ஏ பட்டு. என்ன பார்க்குற? யாரு இது? யாரு?" குழந்தை சிரித்தது. ஜெசிந்தா துணியை எடுக்கவில்லை. முதுகு வலித்தும் சங்கரபாண்டி எடுக்கச் சொல்லவில்லை.

பிறகு அந்தப் பெண், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சங்கரபாண்டி படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஓரங்களை வெட்டினார். மடியில் துணி சுருங்கியிருந்த இடத்தைச் சமன் செய்தார். பிறகு முகத்தைப் பெரிதாக்கினார்.

"மாஸ்டர்," என்றார் மெதுவாக. "கேமராவைப் பார்க்கலையே. பார்வை ஒரு நூல் மேல போகுது."

"எந்தக் குழந்தை கேமராவைப் பார்த்திருக்கு?"

"ஆபீஸ்ல தள்ளிட்டாங்கன்னா?"

"ஒரு நூலுக்கெல்லாம் தள்ள மாட்டாங்க."

அவர் கண்ணை இன்னும் பெரிதாக்கினார். கருவிழியில் ஸ்டூடியோ விளக்கின் வெள்ளை வட்டம் விழுந்திருந்தது. வட்டத்தின் நடுவே ஏதோ கறுப்பாக இருந்தது. இன்னொரு கண்ணிலும் அப்படியே.

"அழுக்கு மாதிரி இருக்கு. எடுத்துருதேன்."

ஜெசிந்தா அவர் கையைப் பிடித்தாள். "நல்லா பாருங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். ஒரு தலை. ஒரு பக்கத் தோள். பாதி தூக்கிய கை.

திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். அந்தப் பெண், குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிரிண்ட்ல இது தெரியவே தெரியாது, மாஸ்டர்," என்றார் தணிந்த குரலில். "இதவிடக் கடுகுகூடப் பெரிசா இருக்கும்."

"தெரிய வேண்டாம்," என்றாள் ஜெசிந்தா. "கூடப் போகட்டும்."

அவர் எதையும் அழிக்காமல் அச்சுக்கு அனுப்பினார்.

அந்தப் பெண் படங்களை வாங்கி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். "நேரா பார்க்குறா," என்றாள். உறைக்குள் வைத்துக்கொண்டாள். குழந்தையின் கையைப் பிடித்து இரண்டு பேருக்கும் டாட்டா காட்ட வைத்தாள். படியில் இறங்கினாள்.

அவள் கீழே போய்ச் சேர்வதற்குள் வேறு யாரோ ஏறி வந்தார்கள். சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு உடுத்திய ஒரு பையனும், அவனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் வீட்டாரும். ஜெசிந்தா பையனின் டையைச் சரிசெய்யப் போனாள்.

சங்கரபாண்டி ஸ்டூலின் மேல் கிடந்த வெள்ளை விரிப்பை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோனார். வெயில் விழுந்த கொடியில் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.