மேட்டுக்கு அந்தப் பக்கம்

ஆவுடையப்பன் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலங்களையெல்லாம் சங்கிலி போட்டு அளந்தே தலை நரைத்தவர். அதற்குப் பிறகுதான் மெய்யம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தார். குரு அவரைவிட ரொம்பவே இளையவர். அதை இருவருமே பெரிதாக நினைத்ததில்லை. அவர் 'அம்மா' என்பார். மெய்யம்மை 'ஐயா' என்பார்.

மழைக்காலம் முடிந்ததும் தன்னிடம் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியிடத்தில் சில நாள் தங்கிவருவது மெய்யம்மையின் வழக்கம். அந்த வருடம் புன்னைமுனை என்று முடிவாயிற்று. காடு கடல்வரைக்கும் இறங்கி வந்து நிற்கும் ஊர் அது. இடம் பார்க்கும் பொறுப்பை ஆவுடையப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முதலில் இருவரும் மட்டும் போய்ப் பார்த்தார்கள். கரையை ஒட்டிப் புன்னை நிழல் விரிந்து கிடந்தது. எதிரே கடல்.

"இங்கயே தங்கிடலாமா ஐயா?"

"வேண்டாம்மா. காஞ்ச பாசி எதுவரைக்கும் ஒதுங்கிக் கெடக்கு பாருங்க. அலை பெருசா வந்தா தண்ணி இங்க வந்துடும். கூடாரத்துக்கு முளை அடிச்சாலும் இந்த மணல்ல நிக்காது."

"அந்தச் சவுக்குத் தோப்பு?"

"காத்தடிச்சா ஒடிஞ்சு விழும்."

கடைசியில் மணல்மேட்டுக்குப் பின்னால், நாவல் மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நின்றார். கெட்டித் தரை. லேசான சரிவு, தண்ணீர் தேங்காது. கூப்பிடு தூரத்தில் நல்ல தண்ணீர் ஊற்று. அண்ணாந்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். பட்டுப்போன கிளை ஒன்றும் இல்லை. மான்கள் நடக்கிற தடத்திலிருந்தும் விலகியே இருந்தது.

"இதுதாம்மா."

"நல்ல இடம்," என்றார் மெய்யம்மை.

குரு இப்படி ஒரு சொல் சொல்வது அபூர்வம். ஆவுடையப்பனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"தங்குறதுக்கு இன்னும் என்னென்ன ஏற்பாடு செய்யணும்மா?"

"வர்றது யார் யாருன்னு தெரியுமா ஐயா?"

"எத்தனை பேருன்னு தெரியும். அதுக்கேத்த மாதிரி கூடாரத்துக்குச் சொல்லிட்டேன்."

மெய்யம்மை திரும்பி நடக்கத் தொடங்கினார்.

ஊருக்குத் திரும்பியதும் ஆவுடையப்பன் வேலையில் இறங்கினார். கூடாரங்களைக் கூடத்தில் விரித்து, தையல் ஓடும் இடங்களில் மெழுகு தேய்த்தார். தீப்பெட்டிகளை மெழுகுத்தாளில் சுற்றினார். கயிறுகளை முறுக்கிப் பார்த்து, நைந்ததைக் கழித்துப் போட்டார். அந்த நாட்களில் அவருக்குப் பசிகூடத் தெரியவில்லை.

எல்லோரும் வந்து சேர்ந்தபோது புன்னைமுனையில் கூடாரங்கள் வரிசை பிசகாமல் நின்றன. வந்தவர்களில் ஒருவர் அழகுநாச்சி. புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட பூமிக்காரர். ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போனான். கப்பல் புயலில் மூழ்கிப் போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அழகுநாச்சி அதுவரை கடலையே பார்த்ததில்லை.

பையை வைத்ததும் அவர் ஆவுடையப்பனிடம்தான் வந்தார்.

"சார், கடல் எந்தப் பக்கம்? சத்தம் மட்டும் கேக்குது."

"மேட்டுக்கு அந்தப் பக்கம்மா. பயப்படாதீங்க, தண்ணி இங்க வராது."

"பயமில்ல சார். ஒரு தடவ பாக்கணும். தனியாப் போக கால் வரமாட்டேங்குது. கூட வர்றீங்களா?"

"வர்றேம்மா. இந்தக் கயித்த மட்டும் கட்டி முடிச்சுடறேன்."

கயிறு கட்டி முடிந்தது. அப்புறம் அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஊற்றுக்குப் போகும் வழியில் முள் வெட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் அழகுநாச்சி மறுபடி வந்து நின்றார். ஆவுடையப்பன் மண்வெட்டியோடு கூடாரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். தெற்கே வானம் கறுத்திருந்தது.

"சார், இப்பப் போலாமா?"

"மழை வரப்போகுதும்மா. இப்பப் போய் கடலா? உள்ள போய் உக்காருங்க. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அழகுநாச்சி மேட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பருவம் தப்பிய மழை, காற்றோடு கொட்டியது. நாவல் மரங்கள் தலைவிரித்து ஆடின. வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடியது. ஆவுடையப்பன் கூடாரம் கூடாரமாகக் குனிந்து உள்ளே கைவைத்துப் பார்த்தார். தரை உலர்ந்திருந்தது. "ஒரு சொட்டு எறங்கல சார்," என்று உள்ளேயிருந்தவர்கள் சொல்ல, அவர் அடுத்த கூடாரத்துக்கு நகர்ந்தார்.

ஆனால் அழகுநாச்சியின் படுக்கை சுருட்டியபடியே இருந்தது. குருவின் கூடாரத்திலும் யாரும் இல்லை.

குடையை எடுத்துக்கொண்டு மணல்மேட்டில் ஏறினார். ஏறியதுமே காற்று குடையைத் திருப்பிவிட்டது.

கீழே, எந்த இடம் ஆகாது என்று அவர் ஒதுக்கினாரோ அங்கே, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அலை வந்து கால்களை நனைத்துவிட்டுப் போயிற்று. அழகுநாச்சி கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"எங்க தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழகுன புள்ள! நீ இவ்வளவு பெருசுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீதான பாத்து அனுப்பியிருக்கணும்?"

அலை வந்தது. அவர் ஒரு கைப்பிடி ஈர மணலை அள்ளி அதன்மேல் வீசினார். பிறகு இன்னொரு பிடி.

மெய்யம்மை தடுக்கவில்லை. தேற்றவும் இல்லை. சேலை உடம்போடு ஒட்டிக்கிடக்க, பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்.

"அம்மா!" ஆவுடையப்பன் மேட்டிலிருந்து கூப்பிட்டார். "கூடாரம் காஞ்சு கெடக்கு! ரெண்டு பேரும் வாங்க!"

காதில் விழுந்ததா தெரியவில்லை. இருவரும் திரும்பவில்லை. அவர் உடைந்த குடையோடு நின்று பார்த்துவிட்டு, கூடாரப் பக்கமே இறங்கி வந்துவிட்டார்.

மழை விட்டபின் இருவரும் மேடேறி வந்தார்கள். அழகுநாச்சியின் முகம் வீங்கியிருந்தது. வேறு சேலை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய், "சோறு இருக்கா?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஆவுடையப்பன் துண்டு எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். நீட்டினார்.

"எந்தக் கூடாரத்துலயும் ஒரு சொட்டு எறங்கலம்மா."

"பாத்தேன் ஐயா. நல்லா செஞ்சிருக்கீங்க."

"உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் சேத்துத்தான் செஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் மழையில போய் உக்காந்துட்டீங்க."

மெய்யம்மை தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"என் ஏற்பாட்டுல என்ன குறைன்னு சொல்லிடுங்கம்மா. அடுத்த தடவ சரி பண்ணிக்கறேன்."

"குறை ஒண்ணும் இல்லீங்க ஐயா. அழகுநாச்சி அதுக்குள்ள இல்ல, அவ்வளவுதான்." துண்டைப் பிழிந்து மடித்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். "அவங்க இருந்த இடத்துல நான் ஒரு கூடாரம் போட்டேன்."

ஆவுடையப்பன் ஈரத்துண்டோடு நின்றார். தெற்கு மூலையில் ஒரு கயிறு தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டது. அதைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். அங்கே அழகுநாச்சி தலைமுடியை விரித்துத் தணலில் காயவைத்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் ஈரத்தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அழகுநாச்சி அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, கேட்காமலே, மகன் பிறந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஆவுடையப்பன் குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை.