முதல் வருஷத்து விருந்து

தென்கரைக் கல்லூரிகளின் தடகளச் சங்கத்துக்குப் பொன்விழா. முதல் கோப்பையை வென்ற கல்லூரிக்குப் புது ஓடுதளம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த வருஷம் ஓடியதே இரண்டு கல்லூரிகள்தான். பதிவேட்டையோ கறையான் தின்றுவிட்டது.

“ஜெயிச்சது எங்க கல்லூரிதான்” என்று விழா மேடையில் மார்தட்டினார் அதில் ஒன்றின் தாளாளர் தில்லைநாயகம்.

“இல்லீங்க, எங்க மாலைக் கல்லூரி” என்றாள் இன்னொன்றின் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் செங்கமலம்.

“கோடு போடுறவ சரித்திரம் பேசுறியா? மேடையேறி நிரூபி, பார்க்கலாம்!”

செங்கமலம் சுண்ணாம்புக் கையோடு மேடையேறினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்குறேனுங்க ஐயா. முதல் வருஷம் போட்டி முடிஞ்சதும் எல்லாருக்கும் விருந்து வச்சது யாருங்க?”

“வேற யாரு? நாங்கதான்! கறிச்சோறு! எங்கப்பா தன் கையாலயே பரிமாறின போட்டோ வீட்டு ஹால்ல தொங்குது!”

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியாக வந்த கல்லூரிதான் விருந்து வைக்க வேண்டும் என்பது சங்கத்தில் அன்றுமுதல் இன்றுவரை வழக்கம். மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்காத தாளாளருக்கு மட்டும் அது தெரியாது.

மாலைக் கல்லூரியின் புது ஓடுதளத்தில் முதல் கோட்டைச் செங்கமலமே போட்டாள். அன்றைக்கு விருந்து வைத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்!