தொட்டால் மார்க் போச்சு

கோணவாய்ப்பட்டியில் ஒரு கல்லூரி இருக்கிறது. இருக்கிறது என்று மெயின்ரோட்டுப் பலகை சொல்கிறது; நாம் ஏன் வீணாகச் சந்தேகப்பட வேண்டும்? மாட்டுத்தீவனம் விற்று மேலுக்கு வந்த சடையாண்டி ஐயா கட்டியது. மூட்டைக்குள் என்ன கலந்திருக்கிறது என்று எந்த மாடும் கேட்டதில்லை என்பதைப் பல வருடம் கவனித்தவர், அந்த அனுபவத்தோடு கல்வித் துறைக்கு வந்துவிட்டார். இப்போது அவர் தாளாளர்.

அங்கே இளங்கலைக் கணிதம் என்று ஒரு துறை. மாணவர்கள் மூன்று பேர்: மொக்கராசு, வீரணன், அங்கயற்கண்ணி. ஆசிரியர் ஒரே ஒருவர், அருமைநாயகம் சார். சாருக்குக் கணிதத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கணிதமும் கொஞ்சம் சுமார்தான்.

பிள்ளைகள் மூவரும் தங்கமானவர்கள். சொன்னதைச் செய்வார்கள். அதுதான் சிக்கல்.

முதல் பருவத்தில் இயற்கணிதம். "தெரியாத எதுவா இருந்தாலும் அதை எக்ஸ்னு எழுதிக்கங்க" என்றார் சார். மூவரும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்கள். பருவத் தேர்வில் பத்துக் கேள்வி வந்தது. பத்துக்கும் விடை தெரியவில்லை. பத்து இடத்திலும் எக்ஸ் என்று அழகாக எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். "இவ்வளவு லேசான பேப்பரை நான் பார்த்ததே இல்ல" என்றாள் அங்கயற்கண்ணி.

இரண்டாம் பருவத்தில் சமன்பாடு. "ஒரு பக்கம் என்ன செஞ்சாலும் மறுபக்கமும் அதையே செய்யணும். இல்லேன்னா எல்லாம் தப்பாயிடும்" என்றார் சார். அந்த வாரம் மொக்கராசுவுக்கு இடது கடைவாய்ப்பல் சொத்தை. பிடுங்கிக்கொண்டான். பிறகு வலது பக்கத்து நல்ல பல்லையும் பிடுங்கச் சொல்லி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். டாக்டர் மறுத்துப் பார்த்தார். "டாக்டருக்குக் கணக்கு வராது போல" என்று மொக்கராசு வருத்தப்பட்டதைக் கேட்டதும் ரோஷம் வந்து பிடுங்கிவிட்டார்.

அப்புறம் நுண்கணிதம். மாறாத ஒன்றின் வகைக்கெழு பூஜ்ஜியம் என்று சார் நடத்தினார். சாரின் நோட்ஸ் பதினான்கு வருடமாக மாறவில்லை. துறையின் தேர்ச்சியும் பதினான்கு வருடமாகப் பூஜ்ஜியம். பாடத்தை இவ்வளவு உயிரோட்டமாக விளக்கிய ஆசிரியர் வேறு எங்கும் இருக்க மாட்டார்.

மூன்றாம் ஆண்டு கடைசியில் முதல்வர் சாரைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை தேர்ச்சி அம்பது சதவீதத்துக்குக் கீழ போனா கணிதத் துறையை மூடிடச் சொல்லிட்டார் தாளாளர். நீங்களும் கெளம்ப வேண்டியதுதான்."

சார் யோசித்தார். கிளம்பினால் எங்கே போவது? நாமக்கல்லில் மாமனாருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது. "மாப்ளை எப்ப வேணாலும் வரலாம்" என்று மாமனார் வருடா வருடம் தீபாவளிக்குச் சொல்வார். சொல்லும்போது ஒரு முட்டைக் கூடையைச் சார் பக்கமாகத் தள்ளிவிடுவார். அந்தக் கூடை சாரின் கனவில் எல்லாம் வந்தது.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் சார் மூவரையும் உட்காரவைத்து, கிட்டத்தட்ட அழுதார்.

"ஒரே ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. லிமிட் கணக்கு கட்டாயம் வரும். ஒரு இடத்துக்குப் போகணும்னா பாதி தூரம் போ. மிச்சத்துல பாதி போ. அதுல பாதி போ. எவ்வளவு வேணும்னாலும் நெருங்கு. ஆனா தொட்டுறாத. தொட்டா மார்க் போச்சு! என் பொழப்பு உங்க கையிலதான் இருக்கு."

"கவலைய விடுங்க சார். உசுரே போனாலும் தொட மாட்டோம்" என்று மொக்கராசு சத்தியம் செய்தான்.

தேர்வு மையம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி டவுனில். வீரணன் தன் மாமாவின் ஆட்டோவை எடுத்து வந்தான். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் இடது பின்சக்கரத்தில் ஆணி ஏறியது.

ஸ்டெப்னி இருந்தது. நம்மைப் போன்ற படிக்காதவர்கள் என்றால் மாட்டிக்கொண்டு போயிருப்போம். வீரணன் வண்டியை ஓரங்கட்டி, செங்கல் முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினான். கழற்றியவன் ஸ்டெப்னியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"என்னடா நிக்கிற? மாட்டு" என்றான் மொக்கராசு.

"இடது பக்கம் புதுச் சக்கரம் போட்டா, வலது பக்கமும் போடணுமில்ல?"

மொக்கராசு யோசித்தான். "போட்டுத்தான் ஆகணும். ஆனா ஸ்டெப்னி ஒண்ணுதான இருக்கு."

"அப்ப மாட்ட முடியாது" என்றாள் அங்கயற்கண்ணி. "ஆனா இடது பக்கம் சக்கரத்தைக் கழட்டியாச்சே. அதையே வலது பக்கமும் செஞ்சுட்டா சரியாப் போயிரும்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? வலது சக்கரத்தையும் கழற்றினார்கள். இரண்டு பக்கமும் செங்கல் மேல் ஆட்டோ துளிகூடச் சாயாமல் நின்றது. மூவரும் தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப் போனார்கள். பிறகு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

வந்த முதல் பஸ்ஸில் ஏறினார்கள். டிக்கெட் கேட்டபோதுதான் அது டவுனுக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது என்று கண்டக்டர் சொன்னார்.

"தப்பான பஸ்ல ஏறிட்டோமே" என்று வீரணனுக்கு அழுகை வந்துவிட்டது. "சார் பொழப்புல மண்ணைப் போட்டுட்டோம்."

"ஏன்டா அழுகுற? மைனஸை மைனஸால பெருக்குனா என்ன?" என்று கேட்டாள் அங்கயற்கண்ணி.

"பிளஸ்."

"அப்ப இன்னொரு தப்பான பஸ்ல ஏறணும். அவ்வளவுதான்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார்கள். டவுன் என்று பலகை போட்ட பஸ் ஒன்று காலியாக வந்து எதிரில் நின்றது. "அது சரியான பஸ்ஸு. அதுல ஏறினா கணக்கு கெட்டுப்போகும்" என்று மொக்கராசு தம்பியைத் தடுப்பதுபோல வீரணனைத் தடுத்துப் பிடித்துக்கொண்டான். விசாரித்து, டவுன் பக்கமே போகாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினார்கள். அன்றைக்குப் பார்த்துப் பாலத்தில் வேலை நடந்தது. பஸ்ஸை டவுன் வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஒன்பதரை மணிக்கு அது தேர்வு மையத்தின் வாசலிலேயே நின்றது.

மூவரும் கணிதத்தை மனசாரக் கும்பிட்டார்கள். நானும் உங்களைப் போலத்தான், இந்த இடத்தில் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன்.

கேட்டிலிருந்து தேர்வறை வாசலுக்கு அறுபத்துநாலு அடி. பத்து மணிக்குத் தேர்வு. பத்தரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். நேரம் ஏராளம். மொக்கராசு படையைப் போரில் இறக்கும் தளபதி மாதிரி தொண்டையைச் செருமினான்.

"சார் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? பாதி, அதுல பாதி. நெருங்கலாம், தொடக் கூடாது."

முப்பத்திரண்டு அடி நடந்து நின்றார்கள். பிறகு பதினாறு. பிறகு எட்டு. ஒவ்வொரு தடவையும் அங்கயற்கண்ணி தரையில் உட்கார்ந்து ஸ்கேலால் அளந்து சொன்னாள். மணி அடித்து, வினாத்தாள் கொடுத்தபோது வாசற்படிக்கு அரை அடி பாக்கி. மேற்பார்வை பார்த்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஹால் டிக்கெட் இருக்குல்ல? உள்ள வாங்க."

"வந்துக்கிட்டேதாம்மா இருக்கோம்" என்றான் மொக்கராசு.

"எங்கப்பா வர்றீங்க? நிக்கிறீங்க."

"இல்லம்மா. இப்பதான் மூணு இஞ்ச் வந்தோம். நீங்க கவனிக்கல."

அந்த அம்மாவுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். பிட் அடிப்பவனைப் பார்த்திருக்கிறார், மயங்கி விழுபவனைப் பார்த்திருக்கிறார். வினாத்தாளைப் பார்க்கப் படியேறி வராமல், வாசலை அளந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்ததில்லை. "பத்தரை வரைக்கும்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பத்தேகாலுக்கு ஒரு நூல் இடைவெளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூவரும் நின்றார்கள். அப்போதுதான் வீரணனுக்குத் தும்மல் வந்தது. தும்மிய வேகத்தில் அவன் மூக்கு கதவு நிலையில் இடித்தது.

"தொட்டுட்டியேடா பாவி!"

"நான் தொடல. மூக்குதான் தொட்டுச்சு."

"மூக்கு யாரோடது?" என்று அங்கயற்கண்ணி கேட்டாள்.

வீரணன் மூக்கைத் தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. மொக்கராசு அவன் தோளைத் தட்டினான். "விடு. கேட்டுல இருந்து மறுபடி ஆரம்பிச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

கேட்டுக்குத் திரும்பிப் போனார்கள். முப்பத்திரண்டு அடி. பதினாறு அடி. எட்டு. பத்தரைக்குக் கதவு மூடியது. மூவரும் அப்போதும் மனம் தளரவில்லை. மூடிய கதவை ஒரு மணி வரைக்கும் நெருங்கினார்கள். தொடவில்லை.

விஷயம் தெரிந்ததும் அருமைநாயகம் சார் நேரே வீட்டுக்குப் போய் நாமக்கல்லுக்குப் போன் போட்டு, கோழி கொத்துமா என்று மட்டும் கேட்டார்.

முடிவுகள் வந்த அன்று தாளாளர் அறையில் துறைத் தலைவர்கள் கூட்டம். முதல்வர் தாளை வாசித்தார். "கணிதம். தேர்வு எழுதினவங்க பூஜ்ஜியம். தேறினவங்க பூஜ்ஜியம்."

"சதவீதம் என்ன?" என்றார் தாளாளர்.

முதல்வர் தமிழ் படித்தவர். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். கால்குலேட்டர் தப்பு என்று காட்டியது. "மெஷின் ரிப்பேருங்க ஐயா."

"இதுக்கு எதுக்கு மெஷினு? பத்து மூட்டை அனுப்பி, பத்தும் வித்துப்போனா எவ்வளவு?"

"நூறு சதவீதம் ஐயா."

"அஞ்சு அனுப்பி அஞ்சு?"

"அதுவும் நூறு."

"ஒண்ணு அனுப்பி ஒண்ணு?"

"நூறுதாங்க."

"அப்ப பூஜ்ஜியம் அனுப்பி பூஜ்ஜியம்? எதுவும் திரும்பி வரலையேய்யா! நூறுதான?"

அறையில் இருந்தவர்கள் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் சாருக்கு மட்டும் அது தப்பு என்று தெரியும். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களில் ஒன்று. எழுந்தார். வாயைத் திறந்தார். முட்டைக் கூடை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஐயா சொன்னா சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது பேரை எழுதவிட்டு முப்பத்தெட்டு பேரைத் தேறவைத்திருந்த இயற்பியல் துறைத் தலைவருக்கு அன்று செம திட்டு. "கணிதத்தைப் பார்த்துக் கத்துக்கங்கய்யா. உங்கள யாரு எழுத அனுப்பச் சொன்னது?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'கணிதத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று போட்டு, நடுவில் தாளாளர் கும்பிட்டபடி, கீழே மூன்று பேரின் படம் சின்னதாக. ஆனிமாதம் ஒரு பாராட்டு விழாவும் வைத்தார்கள். தாளாளரே மேடையில் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "சாதனை மாணவர்களே, வாருங்கள்!" என்று மைக்கில் கூப்பிட்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. முன்வரிசையில் சார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூவரும் எழுந்து பாதி தூரம் வந்து நின்றார்கள். பிறகு மிச்சத்தில் பாதி. பிறகு அதில் பாதி.

இருபது நிமிடம் கழித்து, பொன்னாடை பிடித்த தாளாளரின் கை நடுங்க ஆரம்பித்தது.

"இன்னும் கால் விரக்கடைதாங்க ஐயா" என்றான் மொக்கராசு. "நீங்க மட்டும் ஆடாம நில்லுங்க. தொட்டுட்டா மறுபடி உக்காந்திருந்த எடத்துல இருந்து வரணும்."