தாய்மாமன் வாழ்த்திப் பேசிய கூத்து

முசிறிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் நடந்த கூத்து இது. வந்தவர்களுக்கு மைக் பிடித்து விளையாட்டு நடத்த வந்தவள் பூமயில். பலூன் உடைக்கிறது, அப்பளம் நொறுக்குறது என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மேடை ஏறினார் மாப்பிள்ளையின் தாய்மாமன் வைரப்பெருமாள். மண்டபமே அவருடையது. அவர் வாழ்த்திப் பேச வந்தாலே சனம் பந்திக்கு ஓடிவிடும்.

"இந்தாம்மா, நான் பேசி முடிக்கிறதுக்குள்ள ஒரு நாற்காலி காலியாச்சுன்னா, இனிமே இந்த மண்டபத்துல நீ மைக்கைத் தொட முடியாது" என்றார்.

சாம்பார் வாசனை வேறு கிளம்பிவிட்டது. பூமயில் மைக்கை எடுத்தாள்.

"அடுத்த விளையாட்டு! ஐயா பேச்சுல 'நான்' எத்தனை தடவை வருதுன்னு எண்ணிக்கிட்டே வாங்க. சரியாச் சொல்றவங்களுக்கு வெள்ளிக் குங்குமச்சிமிழ்!"

எழுந்தவர்களெல்லாம் உட்கார்ந்துவிட்டார்கள். ஐயாவுக்கு ஏகப் பெருமை.

"நான் பார்த்து முடிச்ச சம்பந்தம் இது..."

"ஒண்ணு!" என்றது மண்டபம்.

"நான் கட்டின மண்டபம்..."

"ரெண்டு!"

"நான் மட்டும் இல்லேன்னா..."

"மூணு!" எல்லாரையும் விட உரக்க எண்ணினது அவர் சம்சாரம்தான்.

பதினேழில் ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் பேசப் பார்த்தார். பேச ஒன்றுமே மிஞ்சவில்லை. "புள்ளைங்க நல்லா இருக்கட்டும். எல்லாரும் சாப்பிடப் போங்க" என்று முடித்துவிட்டுப் பூமயிலிடம் திரும்பினார்.

"என்ன வேலை பண்ணிட்டே நீ?"

"ஒரு நாற்காலியாவது காலியாச்சுங்களா, ஐயா? அடுத்த முகூர்த்தத்துக்கும் வரலாமுங்களா?"

"வந்து தொலை. ஆனா நான் பேசும்போது..."

"பதினெட்டு!" என்றாள் சம்சாரம்.