ஆமைக்கால்பட்டிக்கு அளவெடுத்துச் செய்த துப்பாக்கி

மேற்கே மலை, கிழக்கே கண்மாய், நடுவிலே ஆமைக்கால்பட்டி. அந்த ஊரில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை என்பதால் அத்தனையும் புத்தம் புதிதாக அப்படியே இருந்தது.

அந்த ஊர் மொக்கராசுவுக்குக் கல்யாணம் கூடி வந்தது ஒரு தனிக் கூத்து. நாற்பது வயதுவரை அவனைத் தேடி வந்தது கொசு மட்டும்தான். ஒருநாள் மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மேலூத்து என்ற ஊரிலிருந்து சிலம்பாயி என்ற பெண் சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுவந்தாள். "ருசி பார்த்துட்டு வாங்குங்க" என்றாள். மொக்கராசு உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தையும் ருசி பார்த்துவிட்டு, "ருசியாத்தான் இருக்கு, எடைபோடு" என்றான். போட ஒன்றும் மிச்சமில்லை. சிலம்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்படிச் சிரிக்கவைக்கிறவனைக் கட்டிக்கொண்டால் காலம் சீக்கிரம் ஓடிவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

தடையாக வந்தது ஒரு காட்டெருமை. கூட்டத்தைவிட்டுப் பிரிந்த ஒற்றை. கணவாய் நடுவில் படுத்துக்கொண்டு, போகிற வருகிற வண்டியையெல்லாம் கவிழ்த்தது. சிலம்பாயியின் அப்பா காத்தவராயன் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்: "அந்த எருமையை எவன் விரட்டுறானோ அவனுக்குத்தான் எம் பொண்ணு. தை பிறக்கிறதுக்குள்ள நடக்கலேன்னா வேற இடம் பார்த்துக்குவேன்."

மொக்கராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்த் தலைவர் குழந்தைவேலுவிடம் ஓடினான். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, யோசனை பிச்சைமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் யோசிக்கிற வேலை பிச்சைமுத்துவுக்கு. மற்றவர்கள் அதில் தலையிடுவது மரியாதை இல்லை.

"துப்பாக்கி வாங்கணும்" என்றான் பிச்சைமுத்து. "ஊரோட இந்த வருஷப் புளி அத்தனையையும் வித்து நல்லதா ஒண்ணு வாங்கணும்."

மூன்று பேரும் டவுனுக்குப் போனார்கள். அங்கே துப்பாக்கி செய்கிற ராவுத்தர் ஒருவர் இருந்தார். பொறுமைசாலி. அன்று காலைவரை.

"என்ன மிருகத்துக்கு?" என்றார் ராவுத்தர்.

"காட்டெருமைக்கு. ஆனா அது கேட்கலை, நாங்கதான் கேக்குறோம்" என்றார் குழந்தைவேலு.

ராவுத்தர் சுண்டுவிரல் பருமனில் ஒரு தோட்டாவைக் காட்டினார். குழந்தைவேலு உதட்டைப் பிதுக்கினார். ராவுத்தர் மலைவாழைப்பழம் போல ஒன்றை எடுத்து வைத்தார். குழந்தைவேலுவின் மீசை தானாக நிமிர்ந்தது.

"இது யானையையே சாய்க்கும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். குண்டு பெரிசானா உதையும் பெரிசு."

"உதை யாருக்கு?"

"சுடுறவனுக்கு."

"அப்ப எருமைக்கு?"

"எருமைக்குக் குண்டு."

பிச்சைமுத்து கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னான்: "முன்னால ஒரு பங்கு, பின்னால ஒரு பங்கு. ஓரவஞ்சனை இல்லாத ஆயுதம். இதையே எடுத்துக்குவோம்."

மொக்கராசு தன் தோளை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்து இரட்டைக் குழலை எடுத்துக் காட்டினார் ராவுத்தர். "முதல் குண்டு தப்பினா, எருமை உங்க மேல பாயும். அப்ப ரெண்டாவது குண்டு காப்பாத்தும். அதனாலதான் ரெண்டு குழல்."

"முதல் குண்டு தப்பும்னு உங்களுக்கே தெரியுதில்ல?" என்றான் பிச்சைமுத்து.

"தப்பினா, அப்படின்னு சொன்னேன்."

"அந்த வம்பே வேண்டாம். முதல்ல ரெண்டாவதைச் சுட்டுடறோம். முதல் குண்டை நீங்களே வச்சுக்குங்க."

"ரெண்டாவதைச் சுட்டா அதுதானப்பா முதல்!"

"அப்ப அதுவும் தப்புமா?" என்று மொக்கராசு அழுகிற குரலில் கேட்டான்.

ராவுத்தர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு அளவுநாடாவை எடுத்தார். "இங்க பாருங்க. இவ்வளவு பெரிய துப்பாக்கியைச் சட்டை தைக்கிற மாதிரி ஆளுக்கு அளவெடுத்துத்தான் செய்யணும். கை நீளம், கழுத்து உயரம், தோள் அகலம் எல்லாம் வேணும். அளவு கொடுத்தவன்தான் சுடணும். வேற ஒருத்தன் சுட்டா தோள்பட்டை கழண்டு கையில வந்துடும். சொல்லுங்க, யாருக்கு அளவு எடுக்க?"

மூன்று பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"கல்யாணம் உனக்குத்தானேடா?" என்றார் குழந்தைவேலு.

"துப்பாக்கி ஊர்ப் புளியில வாங்கறது மாமா. பொதுச் சொத்து. ஊருக்குப் பெரிய தோள் உங்களுது" என்றான் மொக்கராசு.

"எனக்கு இந்தத் தோள்ல காலையிலேயிருந்து பிடிப்பு."

"இன்னொரு தோள்?"

"அதுல நாளைக்குப் பிடிக்கும்."

மொக்கராசுவின் நெஞ்சுக்குள் இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிலம்பாயி சிரித்தாள். இன்னொரு பக்கம் எருமை மூச்சுவிட்டது. எருமையின் மூச்சுதான் பலமாகக் கேட்டது.

பிச்சைமுத்து இடையில் புகுந்தான். "ராவுத்தரே, சுடுறவருக்கு என்னென்ன லட்சணம் வேணும்? அதைச் சொல்லுங்க, ஊர்ல பொருத்தம் பார்த்து ஆளை எடுக்கிறோம்."

"கை ஆடக் கூடாது. கண்ணு இமைக்கக் கூடாது. எருமை பாய்ஞ்சு வந்தாலும் நின்ன இடத்தைவிட்டு ஒரு அடி நகரக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது."

ஊர் திரும்பும் வழியெல்லாம் மூவரும் அப்படி ஒரு ஆளை மனத்தில் தேடிக்கொண்டே வந்தார்கள். இமைக்காத கண் யாருக்கும் இல்லை. வாயைத் திறக்காதவனும் ஆமைக்கால்பட்டியில் பிறந்ததில்லை. ஊர் எல்லையில் மொக்கராசுவின் சோளக்கொல்லை வந்தது. மொக்கராசு அப்படியே நின்றுவிட்டான்.

கொல்லை நடுவில், சட்டிக்குச் சுண்ணாம்பில் கண் வரைந்து, கந்தல் சட்டை மாட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது வைக்கோல் பொம்மை.

"மாமா," என்று மொக்கராசு மூச்சு வாங்கினான். "போன புயல்ல நம்ம எல்லாரும் கட்டிலுக்கு அடியில ஓடிப் படுத்தோம். இவர் நகர்ந்தாரா?"

"நகரலையே!"

"இடி விழுந்தப்ப இமைச்சாரா?"

குழந்தைவேலு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அது முதல் பொம்மை 'அவர்' ஆகிவிட்டார்.

காவலில் இருப்பவரை டவுனுக்கு அழைத்துப் போனால் கிளிகள் சோளத்தைத் தின்றுவிடும் என்பதால், ஒரு கயிற்றில் அளவெடுத்துக்கொண்டு போனார்கள். ராவுத்தர் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா, முழங்கை எங்கேன்னே தெரியலை?"

"அவருக்கு முழங்கை கிடையாது. ஒரே நீட்டு" என்றான் மொக்கராசு பெருமையாக.

"கழுத்து?"

"அதுவும் இல்லை. தலை நேரா தோள்மேல உட்கார்ந்திருக்கும்."

"யா அல்லாஹ்... எடையாவது இருக்கா?"

"ஒரு கையில தூக்கிடலாம்."

ராவுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ பழைய பட்டாளத்துக்காரர், போர்க்களத்தில் பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். "இந்த உதையை எப்படித் தாங்குவார் மனுஷன்? கீழே விழுந்துட்டா?"

"மறுபடி நட்டுடுவோம்" என்றார் குழந்தைவேலு.

இந்த ஊர்ப் பாசத்தை என்னவென்று சொல்வது என்று வியந்தபடியே ராவுத்தர் துப்பாக்கியைச் செய்துகொடுத்தார்.

செய்த வேலை வேலைதான்! கணவாயில் பொம்மையை நட்டு, துப்பாக்கியை இரண்டு குழலிலும் தோட்டா போட்டு அவர் கையோடு சேர்த்துக் கட்டினார்கள். அடிக்கட்டை தோளில் போய் அச்சு வார்த்தாற்போல் உட்கார்ந்தது. "பிறக்கும்போதே கையில பிடிச்சுக்கிட்டுப் பிறந்த மாதிரி இருக்கு" என்றார் குழந்தைவேலு. எல்லாரும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு மரத்தில் ஏறினார்கள். மொக்கராசுவுக்குக் கிடைத்தது தாழ்ந்த கிளை. சிலம்பாயிக்காக என்று அதையும் பொறுத்துக்கொண்டான்.

வெயில் ஏறியதும் எருமை வந்தது. தரையே அதிர்ந்தது.

"சுடுங்க!" என்று கத்தினார் குழந்தைவேலு.

பொம்மை சுடவில்லை.

"சும்மா இருங்க அண்ணே," என்று பிச்சைமுத்து அதட்டினான். "கிட்ட வரட்டும்னு பார்க்கிறார். நம்மள மாதிரி அவசரக்குடுக்கையா அவர்?"

எருமை கிட்டே வந்தது. முகர்ந்து பார்த்தது. நல்ல வைக்கோல். இடது காலைப் பிடுங்கி மென்றது. பிறகு வலது கால். பிறகு இடுப்பு.

மொக்கராசுவின் கிளை நடுங்கியது. "ஐயோ, அவரைத் தின்னுது!"

"தின்னலைடா மடையா," என்றான் பிச்சைமுத்து. "அவர் உள்ளே போறார். வயித்துக்குள்ளேயே நின்னு சுடப்போறார். குறி தப்ப வழியே இல்லை பாரு! என்ன தைரியம்!"

மரத்தில் இருந்தவர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நெஞ்சுப் பக்கத்து வைக்கோல் ருசியாக இருந்திருக்க வேண்டும். எருமை நாக்கை வளைத்து இழுத்த இழுப்பில் இரண்டு விசையும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. மலையே பிளந்தாற்போல் ஒரு சத்தம். குண்டுகள் வானத்தைப் பார்த்துப் போயின. பொம்மையும் துப்பாக்கியும் பின்பக்கம் பறந்து புதருக்குள் போய் விழுந்தன. மரத்தில் இருந்தவர்கள் பழம் உதிர்ந்தாற்போல் உதிர்ந்தார்கள். எருமையோ, வைக்கோல் வெடிக்கும் என்று அதுவரை யாரும் அதற்குச் சொல்லித் தராததால், வாலைத் தூக்கிக்கொண்டு மலைக்கு அந்தப்புறம் ஓடியே போய்விட்டது.

"விரட்டியாச்சு!" என்று குதித்தான் மொக்கராசு. "மாமா, மேளத்துக்குச் சொல்லுங்க!"

"சொல்லத்தான் போறேன்," என்றார் குழந்தைவேலு தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா எருமையை விரட்டினவனுக்குத்தானே பொண்ணு? நீ எங்கே விரட்டினே?"

மொக்கராசுவின் குதி பாதியில் நின்றது. "மாமா! அது எங்கொல்லை பொம்மை! வைக்கோல்!"

"வைக்கோலா இருந்தா என்ன, நல்ல இடம்" என்றான் பிச்சைமுத்து. "குடிக்க மாட்டார். சீட்டாட மாட்டார். மாமனார் என்ன சொன்னாலும் தலையாட்டி... இல்லை, தலையாட்டக்கூட மாட்டார். காத்தவராயனுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும்?"

"நீ மாப்பிள்ளைத் தோழனா நில்லு மொக்கராசு. பொம்மைக்காரன்ங்கிற முறையில உனக்கு அந்த உரிமை உண்டு" என்றார் குழந்தைவேலு கருணையோடு. "இப்ப போய் மாப்பிள்ளையை மரியாதையா அழைச்சுக்கிட்டு வா."

மொக்கராசு புதருக்குள் போனான். சட்டி உடைந்து கிடந்தது. குச்சி முறிந்து கிடந்தது. கந்தல் சட்டை மட்டும் முழுதாக இருந்தது. அந்தச் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதான். அழுது முடித்தபோது, அது தனக்கு அளவாக இருக்கும் போலத் தோன்றியது.

சட்டையை மாட்டிக்கொண்டான். சட்டிக் கரியை முகத்தில் அப்பி, ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக் கண்ணைச் சுற்றி வைத்துக்கொண்டான். இரண்டு கையையும் விரித்தான். புதரைவிட்டு வெளியே நடந்தான்.

"ஆத்தாடி, நடந்தே வர்றாரு!" என்றார் குழந்தைவேலு. "எப்படி?"

எல்லாரும் பிச்சைமுத்துவைப் பார்த்தார்கள். பிச்சைமுத்து அசரவில்லை. "இவ்வளவு பெரிய துப்பாக்கின்னா சும்மாவா அண்ணே? முன்னால உயிரை எடுக்கும், பின்னால உயிரைக் கொடுக்கும். ராவுத்தர் இதைச் சொல்லவே இல்லை பாருங்க, எவ்வளவு அடக்கமான மனுஷன்!"

மேலூத்தில் மேளம் முழங்கியது. காத்தவராயன் மாப்பிள்ளையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கை கொஞ்சம் விறைப்பு. பரவாயில்லை, வீரனுக்கு அழகு" என்றார். விரித்த கை மடங்காமலே மொக்கராசு தாலி கட்டினான். எப்படிக் கட்டினான் என்று கேட்காதீர்கள். சிலம்பாயிதான் தாலிக் கயிற்றுக்குள் கழுத்தைக் கொடுத்து, முடிச்சுக்கு முடிச்சு தானே சுற்றி வந்தாள்.

"ஏங்க, பொம்மைக்கு இப்படி வேர்க்குமா?" என்று காதருகே கேட்டாள். அவளுக்கு அது யாருடைய காது என்று சந்தையிலிருந்தே தெரியும்.

"சும்மா இரு. அசைஞ்சா அளவு மாறிடும்" என்றான் மொக்கராசு. சிலம்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பந்தியில் இலை போட்டபிறகுதான் குழந்தைவேலுவுக்குச் சட்டென்று உறைத்தது. "மொக்கராசு எங்கேடா? தோழனா நிக்கச் சொன்னோமே!"

பந்தி கலைந்தது. "பாவம், ஆசைப்பட்ட பொண்ணு கைவிட்டுப் போச்சேன்னு எங்கேயாவது போய்ட்டானோ என்னவோ" என்று பிச்சைமுத்து கலங்கினான். ஆமைக்கால்பட்டி மொத்தமும் மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றது.

"ஐயா, நீங்கதான் கண் இமைக்காம எல்லாத்தையும் பார்க்கிறவர். நம்ம மொக்கராசுவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

மொக்கராசு நாலா பக்கமும் பார்த்தான். முன்னால் இல்லை. பின்னால் இல்லை. மணமேடையிலும் இல்லை.

"காலையில புதருக்குள்ள போனதைப் பார்த்தேன். வெளிய வந்ததைப் பார்க்கலை" என்றான் உண்மையாக.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கூட்டம் கணவாயை நோக்கி ஓடியது. ஊரே தேடும்போது மாப்பிள்ளை மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? மொக்கராசுவும் கையை விரித்தபடியே கூட ஓடினான். புதர் புதராக விலக்கி, பள்ளம் பள்ளமாக இறங்கி, "டேய் மொக்கராசு! மொக்கராசு!" என்று எல்லாரையும்விட உரக்கக் கூப்பிட்டான். பதிலே இல்லை.

மலையில் பாதி தேடியும் ஆள் கிடைக்காமல் மொக்கராசு ஓய்ந்துபோனான். ஒரு பாறைமேல் உட்கார்ந்து, கூடவே வந்த சிலம்பாயியைப் பார்த்துச் சொன்னான்:

"நல்ல பையன் புள்ள. உம்மேல உசிரையே வச்சிருந்தான். அவன் கிடைச்சா, நான் விட்டுக் கொடுத்துடறேன். நீ அவனையே கட்டிக்க."