இரண்டு இடது கைகள்

சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் வீரன் பொம்மைகள் நாலாயிரம், ஓசூர்த் தொழிற்சாலைக்கே திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இரண்டு இடது கைகள்.

மேலாளர் சடகோபன், தரம் பார்க்கும் மாதம்மாளைக் கூப்பிட்டார். "கண்ணை எங்கேம்மா வச்சிருந்தே? இப்பவே காரணம் சொல்லு. இல்லேன்னா ஐடி கார்டைக் கழட்டி வச்சிட்டுப் போ."

மாதம்மாள் கார்டின் கயிற்றைப் பற்றிக்கொண்டாள். "கண்ணாடி அலமாரியில இருக்கிற சாம்பிளோட ஒப்பிட்டுத்தான் சார் அனுப்பறோம். அதுலேருந்து மாறினது ஒண்ணு காட்டுங்க, நானே போயிடறேன்."

சடகோபன் விடுவிடுவென்று போய் அலமாரியைத் திறந்து சாம்பிளை எடுத்தார். அதற்கும் இரண்டு இடது கைகள். பாதத்தின் அடியில் 'சரி' என்று எழுதி, அவரே போட்ட கையெழுத்து.

அவர் சாம்பிளைத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். பிறகு, "போய் வேலையைப் பாரும்மா" என்றார்.

"இனிமே எதோட சார் ஒப்பிடறது?"