குன்றி எழுதாமல் விட்ட பெயர்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அங்கே சிறு விலங்குகளுக்கு நடந்த அநியாயங்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, குளத்தின் நல்ல கரையைக் காட்டுப்பன்றிகள் தமக்கென்று பிடித்துக்கொண்டன. இரண்டாவது, தண்ணீர் குடிக்க வந்த முயலையும் அணிலையும் சருகுமானையும் சேற்றுப் பக்கம் துரத்தின. மூன்றாவது, ஆற்றங்கரைச் சந்தையில் வணிகப் பள்ளியில் படித்தவர்தான் பேரம் பேசலாம் என்று விதி வந்தது. நான்காவது, அந்தப் பள்ளியில் சிறு விலங்குகளைச் சேர்க்கவில்லை. ஐந்தாவது, சிறு விலங்குகள் பறித்த நெல்லிக்கனிக்குப் பன்றிகளே பேரம் பேசி, விலையாக வந்த உப்பில் பாதியை நக்கித் தீர்த்தன. "காலம் காலமாக இப்படித்தானே!" என்று சொன்னவர்கள் இன்றும் கொழுகொழுவென்று திரிகிறார்கள்.

சிறு விலங்குகள் மூன்று மழைக்காலம் பள்ளி வாசலில் உட்கார்ந்து கத்தின. அதன் பிறகு, போனால் போகிறதென்று ஒரே ஓர் இடம் ஒதுக்கினார்கள்.

அந்த இடத்துக்கு நான்கு பேர் மனுப் போட்டார்கள். அணில், முயல், ஆமை, குன்றி என்ற சருகுமான். நால்வரில் ஒருவர் சேர்ந்தால் போதும். சந்தையில் தங்கள் கனிக்குத் தாங்களே பேரம் பேசலாம்.

மனு என்பது ஒரு தேக்கிலை. அதில் மேலே தன் பெயர். கீழே 'உடன் நின்றவர்' என்று ஒரு வரி. சேருகிறவரின் பெயரோடு அந்தப் பெயரையும் சந்தையில் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிப்பது பள்ளியின் வழக்கம். ஆனால் பல ஆண்டுகளாக அந்த வரியை யாரும் நிரப்பவில்லை. நேர்காணலில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு கதையும் சொல்ல வேண்டும்.

கதை தயாரித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தது ஒரு கரிச்சான் குருவி. எந்தப் பறவையின் குரலிலும் பேசும். ஒரு கதைக்குப் பத்து வெட்டுக்கிளி வாங்கும்.

குன்றி அதனிடம் போனது. "அண்ணா, போன கோடையில் நாங்கள் ஊற்றுத் தோண்டினோமே, அதைச் சொல்லலாமா?"

"நாங்களா? அந்தச் சொல்லையே வாயில் எடுக்காதே! யார் தோண்டியது?"

"சில்லாயி அக்கா. அந்த அழுங்கு."

"எறும்பு தின்கிற கிழவியா? அவளை எடுத்துவிடு! 'நான் கண்டேன், நான் தோண்டினேன், நான் காப்பாற்றினேன்.' எங்கே, சொல் பார்ப்போம்!"

"நான் தோண்டினேன்..."

"இன்னும் நெஞ்சை நிமிர்த்து! 'உடன் நின்றவர்' வரியைக் காலியாக விடு. தானாகவே முளைத்தவர் என்றால்தான் மதிப்பு!"

குன்றி அந்த வரியைக் காலியாக விட்டது. மூன்று நாள் மனப்பாடம் செய்தது. சொல்லச் சொல்ல, தானே தோண்டியது போலவும் கொஞ்சம் தோன்றியது.

நேர்காணல் ஆல மரத்தடியில் நடந்தது. கேட்பவர்கள் மூவர். தலைமை யானை அம்மாள். பக்கத்தில் பாடம் நடத்தும் நீர்நாய். கிளையில் பெயர் வாசிக்கும் இருவாச்சிப் பறவை.

முதலில் அணில் வந்தது. "காட்டுத் தீ! நான் தனியாகப் பாய்ந்து இருவாச்சிக் குஞ்சைக் காப்பாற்றினேன்!" என்றது.

அடுத்து முயல். "காட்டுத் தீ! நான் தனியாகப் பாய்ந்து இருவாச்சிக் குஞ்சை..."

மூன்றாவதாக ஆமை வந்தது. "காட்டுத் தீ! நான் தனியாகப் பாய்ந்து..."

"நீ பாய்ந்தாயா?" என்றது நீர்நாய்.

"கொஞ்சம் மெதுவாகப் பாய்ந்தேன் ஐயா!"

இருவாச்சி சிறகடித்துச் சிரித்தது. "எனக்கு இருப்பது ஒரே குஞ்சு! அதை இன்று காலையிலிருந்து மூன்று பேர் காப்பாற்றிவிட்டார்கள்! என் மரத்தில் இதுவரை தீயே பிடித்ததில்லை!"

"உன் சொந்தக் கதை என்ன?" என்று யானை ஆமையைக் கேட்டது.

"என்ன இருக்கிறது அம்மா? போன வெள்ளத்தில் ஏழு தவளைகளை முதுகில் ஏற்றி அக்கரை விட்டேன். வேறொன்றும் இல்லை."

"அட பாவி! அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த ஆண்டு அதைக் கொண்டு வா!"

கடைசியாகக் குன்றி வந்து நின்றது. "கோடையில் குளம் வற்றியது. நான் ஊற்றைக் கண்டேன். நான் தோண்டினேன்..."

யானை குனிந்து பார்த்தது. குன்றியின் கால்கள் நான்கும் குச்சி போல இருந்தன. குளம்புகள் புளியங்கொட்டை அளவு.

"எதனால் தோண்டினாய் கண்ணு?"

குன்றியும் தன் கால்களைப் பார்த்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. நகம் தேய்ந்து விரலில் ரத்தம் கசியக் கசிய மண் பறித்த சில்லாயிதான் கண்ணுக்குள் வந்தாள்.

"நான் தோண்டவில்லை அம்மா," என்றது. "சில்லாயி அக்கா ஏழு நாள் தோண்டினாள். தண்ணீர் வந்ததும் முதல் வாய் அவள் குடிக்கவில்லை. எனக்குக் கொடுத்தாள். அதனால்தான் நான் இன்று உயிரோடு நிற்கிறேன்."

"அப்போது நீ என்ன செய்தாய்?" என்று கேட்டது நீர்நாய்.

"பெரிதாக ஒன்றும் இல்லை. ஊற்றில் ஒரு நேரத்துக்கு ஒரு வாய்த் தண்ணீர்தான் ஊறும். எல்லோரும் முண்டியடித்ததில் குழி சரிந்துவிட்டது. அக்கா திரும்பத் தோண்டினாள். நான் வரிசை போட்டேன். பால் கொடுக்கிற தாய்கள் முதலில். குட்டிகள் அடுத்து. கால் பலமுள்ளவர்கள் கடைசியில். என்னையும் கடைசியில்தான் நிறுத்தினேன்."

"கடைசியில் நிறுத்தினால் முயல் சும்மா இருந்ததா?"

"முயல் என்னைத் திட்டினான்! அவன் காது நீளம். அதனால் பன்றிகள் வருகின்றனவா என்று கேட்டுச் சொல்லும் வேலையை அவனிடம் கொடுத்தேன். அதன் பிறகு திட்டவில்லை."

"பன்றிகள் வந்தபோது?"

"முள்ளம்பன்றி மாமாவை வழியில் நிற்க வைத்தேன். முதுகைக் காட்டி!"

நீர்நாய் துள்ளி எழுந்தது. "இதைத்தானே நான் இரண்டு ஆண்டு சொல்லித் தருகிறேன்! ஒரே கோடைக்குள் எப்படிக் கற்றாள் இவள்?"

யானை தேக்கிலையைத் தூக்கிப் பார்த்தது. "உனக்குத்தான் இடம். ஆனால் 'உடன் நின்றவர்' வரி காலியாக இருக்கிறதே? அதை நிரப்பினால்தான் சேர்ப்பேன்."

குன்றி கூச்சத்தோடு முன்னால் வந்தது. காலியாக இருந்த வரியில் குளம்பால் கீறி எழுதியது.

மறுநாள் சந்தை கூடியது. உப்பு மேட்டில் பன்றிகள் நின்றன. மான்களும் குரங்குகளும் சாட்சிகளாக வந்து நின்றன. சிறு விலங்குகள் முதல்முறையாகச் சந்தையின் நடுவில் நின்றன. சில்லாயி எல்லோருக்கும் பின்னால், புற்றோரமாக நின்றாள். ஊற்றுத் தோண்டிய பிறகும் குன்றியைத் தவிர ஒருவரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'ஏ, செதிலு!' என்றுதான் பன்றிகள் கூப்பிடும்.

இருவாச்சி இலையைப் பிரித்தது. "சேர்க்கப்பட்டவர், குன்றி!"

சிறு விலங்குகள் ஆரவாரம் செய்தன.

"இருங்கள்! இன்னும் ஒரு வரி இருக்கிறது!" என்றது இருவாச்சி. "பல ஆண்டுகளுக்குப் பிறகு இதை வாசிக்கிறேன். பன்றிகளே, நீங்களும் சாட்சி! காது கொடுத்துக் கேளுங்கள்!"

சந்தை அடங்கியது.

"உடன் நின்றவர், சில்லாயி!"

சில்லாயி வெட்கத்தில் பந்தாகச் சுருண்டுகொண்டாள். குன்றி ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றது. எங்கோ மரத்திலிருந்து கரிச்சான், "சில்லாயி! சில்லாயி!" என்று இருவாச்சியின் குரலிலேயே திரும்பச் சொன்னது. அன்று அது வெட்டுக்கிளி கேட்கவில்லை.

தன் வெற்றியைச் சொல்ல வாய் திறப்பவர், தன்னை நிற்க வைத்தவரின் பெயரையும் நன்றியோடு சொல்ல வேண்டும். அதுவே முதல் தகுதி.